மேலே வழிந்த சந்தனம்

வேதகிரி எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். கீழே இறங்கிக் கிணற்றில் தண்ணீர் இழுத்துக் குளித்தான். மேலே வந்து சுவர்க் கண்ணாடியின் முன் நின்று சவரம் செய்துகொண்டான். கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து பழைய சந்தனக் கோடு ஒன்று பாதி தூரம் இறங்கியிருந்தது. அது முகத்தின் மேல் விழாதபடி கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வது அவனுக்குப் பழகிவிட்டது. ஸ்டவ்வைப் பற்றவைத்தான். இரண்டு டம்ளர் காப்பி போட்டான். ஒரு டம்ளருக்குப் பால் ஊற்ற அவன் கை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்றைக் குடித்தான்.

இன்னொன்றைக் குடிக்க கோபால் மாடி ஏறி வந்தான்.

கோபால் அவனுடைய மைத்துனன். அக்கா கனகா போன வருஷம் இறந்தபோது, மாமாவைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்புட்குழியிலிருந்து பெட்டியோடு வந்தவன், கீழே சைக்கிள் கடையிலேயே தங்கிவிட்டான். துப்பறியும் நிபுணரின் உதவியாளன் என்று தன்னைத் தானே நியமித்தும் கொண்டான். மாடிப்படியில் ‘வேதகிரி, எம்.ஏ., துப்பறியும் நிபுணர்’ என்று ஒரு பலகை தொங்கியது. அதன் அடியில் ‘காணாமல் போன மாடும் பார்க்கப்படும்’ என்று சாக்பீஸால் எழுதியது கோபால்தான். உத்திரமேரூரில் இதுவரை வந்த கேஸ்கள் எல்லாம் அந்தச் சாக்பீஸ் வரியைப் பார்த்து வந்தவை.

“நேத்து ஆயுத பூஜை ஆச்சே மாமா. அந்தக் கண்ணாடியையாவது தொடச்சிருக்கலாம்” என்றான் கோபால்.

வேதகிரி தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

“சரி வுடு. கேஸு வந்துகீது. இந்த தபா மாடு இல்ல.”

“ஆடா?”

“பொம்பள. காகிதப் பொம்பள. துரை பங்களாவுல இருந்து காணாம போய்ட்டாங்க. எடுத்துட்டதா போலீஸு சொல்ற நெசப் பொம்பள கீழ நிக்குது. வரச் சொல்லட்டா?”

மாடி ஏறி வந்தவள் பாஞ்சாலி. துரை பங்களா மியூசியத்தில் பெருக்கித் துடைக்கிற தினக்கூலி. ராத்திரி முழுக்க அழுதிருந்தாள். இப்போது அழுகை முடிந்து கோபம் ஆரம்பமாகியிருந்தது.

“நேத்து பூஜைக்கு ஏழு படத்தையும் தொடச்சேன் சார். சந்தனம் வெச்சேன், குங்குமம் வெச்சேன். கற்பூரம் காட்டினாங்க. பொரி வாங்கிக்கினு பெருநகர் பஸ்ஸுக்கு ஓடினேன். சாயந்திரம் போலீஸு வூட்டாண்ட வந்து நிக்குது. ஏழாவது படம் இல்லியாம், நான்தான் எடுத்தேனாம். அரிசிப் பானைய வுடல, அடுப்புச் சாம்பல வுடல. ஒரு படத்த அடுப்புக்குள்ள எவ சார் ஒளிச்சி வெப்பா?”

“யார் புகார் கொடுத்தது?”

“ஹெட்மாஸ்டர் அய்யாதான். இன்னிக்கு மத்தியானம் மெட்ராஸ்லருந்து ஆபீசரம்மா வேன்ல வர்றாங்க. ஏழு படத்தையும் அங்க கண்காட்சிக்கு எடுத்துக்கினு போவ. அவங்க வர்றதுக்குள்ள படம் வரலன்னா என் மேல கேசு எழுதிடுவாங்க. வர்ற மாசம் என்னை பர்மனென்ட் ஆக்கறேன்னு சொல்லிகீறாங்க சார். கேசுன்னு ஆயிட்டா வெளக்குமாறு கூட எனக்குச் சொந்தமில்ல.”

“அந்த ஏழாவது படத்தில் என்ன இருந்தது?”

“ஒரு அம்மா, அண்ணாந்து வானத்த பாத்துகினு இருப்பாங்க. கையில நீட்டமா ஒரு கொழாய். தலையில நட்சத்திரம். ரவிக்கை மட்டும் நல்லா இருக்கும் சார். ருத்ராட்சப் பார்டர் போட்ட ரவிக்கை.”

கோபாலுக்குக் காப்பி மூக்கில் ஏறியது.

தெருவில் இறங்கி நடந்தபோதும் அவன் இருமிக்கொண்டே வந்தான். பாஞ்சாலி கொஞ்சம் முன்னால் நடந்தாள். சைக்கிள் கடையில் பூஜை பிரித்தாகிவிட்டது. வாழைக்கன்று கட்டிய பம்பால் யாருக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, ஒரு விஷயம். அந்தம்மாவுக்கு ரவிக்கை கெடையாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“திருப்புட்குழி ஸ்கூல்லருந்து எங்களை இங்க கல்வெட்டு பாக்கக் கூட்டிகினு வருவாங்க. கல்வெட்ட பாத்துட்டு பங்களாவுக்குப் போவோம். கணக்கு அம்மா கையில காம்பஸ் வெச்சிருக்கும், யாரும் நிக்கமாட்டான். மருத்துவம் அம்மா பாம்ப புடிச்சிகினு இருக்கும், ரெண்டு பேரு நிப்பான். வானசாஸ்திரம் அம்மாகிட்ட மட்டும் கியூ.”

“விஞ்ஞானத்தில் அவ்வளவு ஆர்வம்.”

“துணி தோள்லருந்து வழுக்கி இடுப்புல நிக்கும் மாமா. நான் கோர்ட்டுல வந்து சத்தியம் பண்ணுவேன். எங்க க்ளாஸே வந்து பண்ணும்.”

வேதகிரி ஒரு விரலை மடக்கினான். “நீ பார்த்தபோது ரவிக்கை இல்லை. நேற்று பாஞ்சாலி பார்த்தபோது இருந்தது.”

“அப்ப இது வேற படம். ஒரிஜினலை எவனோ வித்துட்டு டூப்ளிகேட்ட மாட்டிகீறான். டூப்ளிகேட்டு போடறவன் கொஞ்சம் மானஸ்தன்.”

“இருக்கலாம்” என்றான் வேதகிரி. அவன் ‘இருக்கலாம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். அது கோபாலுக்குத் தெரியும்.

துரை பங்களா ஊர்க்கோடியில் இருந்தது. எந்தக் காலத்திலோ அங்கே வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனவைதான் அந்த ஏழு படங்களும். செப்புத் தகட்டில் ஊசியால் கோடு கோடாகக் கீறி, கீறலில் மை நிரப்பி அச்செடுத்தவை. ஐரோப்பாவில் யாரோ ஓர் அரசர் கலைகளையும் சாஸ்திரங்களையும் கொண்டாடச் செய்யச் சொன்னவை. ஒவ்வொரு சாஸ்திரத்துக்கும் ஒரு பெண். ஊர் கமிட்டி பங்களாவை மியூசியம் ஆக்கியபோது, ரிடையர் ஆன ஹெட்மாஸ்டர் ஜானகிராமனைச் செயலாளர் ஆக்கியது.

ஜானகிராமன் வாசலிலேயே நின்றிருந்தார். தும்பைப் பூப்போல் வேட்டி, இடுப்பில் சாவிக்கொத்து. பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர் சாமுவேல்.

“வேதகிரி, உன்னை யார் அழைத்தது?” என்றார் ஹெட்மாஸ்டர். அவர் வீட்டில் சட்னி கேட்பதும் எழுத்துத் தமிழில்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

“நான்தான் வரட்டும்னேன்” என்றார் சாமுவேல். “நேத்துலருந்து தேடிட்டேன். பீரோ, பரண், தோட்டம், இந்தம்மா வீடு. எனக்கும் மத்தியானத்துக்குள்ள ஒரு வழி தெரியணும்.”

உள்ளே நீளமான கூடம். சுவரோரம் ஒரு மரப்பலகை ஓடியது. அதன் மேல் கண்ணாடி போட்ட சட்டங்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கணிதம் காம்பஸோடு நின்றாள். இசை யாழை மடியில் வைத்திருந்தாள். மருத்துவம், பூகோளம், ஓவியம். இலக்கணத்தின் கையில் சவுக்கு.

“இவங்கதான் சார் எனக்கு இங்கிலீஷ் நடத்தினாங்க” என்றான் கோபால்.

ஆறு கண்ணாடிகளிலும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். வேதகிரி ஒவ்வொன்றின் முன்னும் நின்றான். பாஞ்சாலி கண்ட இடத்தில் பொட்டு வைக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் நெற்றி எங்கே இருந்ததோ, சரியாக அங்கே வைத்திருந்தாள். பக்கவாட்டில் திரும்பியிருந்த ஓவியத்துக்குப் பொட்டும் பக்கவாட்டில் இருந்தது.

“எல்லாம் சரசுவதிதானே சார்” என்றாள் பாஞ்சாலி. “மூக்கு மேல வெச்சா நல்லாவா இருக்கும்?”

ஏழாவது சட்டத்துக்கு மட்டும் பச்சைத் திரை போட்டிருந்தது.

“வெயில் பட்டால் மை மங்கும். சென்ற ஆண்டிலிருந்து திரையிட்டிருக்கிறேன்” என்றார் ஹெட்மாஸ்டர்.

“மத்த ஆறு பேருக்கு மங்காதா சார்?” என்றான் கோபால்.

வேதகிரி திரையை விலக்கினான். கண்ணாடி இருந்தது, பின்பலகை இருந்தது, படம் இல்லை. பொட்டு மட்டும் இடது பக்கம், அடியில், மூலைக்குக் கிட்டே இருந்தது. அதை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கோபால் எட்டிப் பார்த்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாகவே அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

“படம் எப்போது போனது அய்யா?”

“பூஜைக்கு முன்பே போய்விட்டது. துடைக்கிறேன் என்று இவள் எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். அப்போதே உருவியிருக்கிறாள். காலிக் கண்ணாடிக்குப் பொட்டு வைத்துத் திரையை மூடிவிட்டு, பொரியோடு புறப்பட்டுவிட்டாள்.”

“அவள் போன பிறகு இந்தச் சட்டத்தை யாராவது தொட்டார்களா?”

“ஒரு விரல் கூடப் படவில்லை. நானே பூட்டினேன். சாவி இதோ, என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.”

“சந்தோஷம்” என்றான் வேதகிரி. “ஆபீஸ் அறையைப் பார்க்கலாமா?”

ஆபீஸ் அறையின் தரையில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், பூஜைக் குவியல் இன்னும் அப்படியே இருந்தது. அடியில் தடித்த புத்தகங்கள், மேலே டைப்ரைட்டர், அளவு நாடா, பூதக்கண்ணாடி, மணி, வருகிறவர்கள் கையெழுத்திடும் புத்தகம். எல்லாவற்றையும் ஒரு பட்டுத் துண்டு மூடியிருந்தது. வாடிய சாமந்தி.

“இன்னும் பிரிக்கவில்லையா?” என்றான் வேதகிரி.

“மாலையில் பிரிக்கலாம் என்றிருக்கிறேன். நல்ல நேரம் அப்போதுதான்.”

“விஜயதசமிக்குக் காலையில எடுக்காம சாயந்திரமா?” என்றான் கோபால். “சைக்கிள் கடையிலயே எடுத்துட்டு பஞ்சர் ஒட்ட ஆரம்பிச்சிட்டாங்க சார். சரசுவதிக்கே போர் அடிச்சிருக்கும்.”

“கோபால், உன்னை நான் எட்டாம் வகுப்பில் பெஞ்சின் மேல் நிறுத்தியிருக்க வேண்டும்.”

“நான் வேற ஸ்கூல் சார். தப்பிச்சிட்டேன்.”

வெளியே வேன் வந்து நின்றது.

இறங்கியவர் இந்திராணி. நாற்பது வயதைத் தாண்டியவர், கைத்தறிச் சேலை, தோளில் ஒரு பெரிய பை. மெட்ராஸில் இப்படிப்பட்ட அச்சுப் படங்களைப் பாதுகாக்கிற அதிகாரி. வெயிலில் வந்த களைப்பில் நேராக ஆபீஸ் அறைக்கு வந்து, “முதல்ல கையெழுத்தைப் போட்டுடறேன். விசிட்டர்ஸ் புக் எங்க?” என்றார்.

ஹெட்மாஸ்டர் குவியலைப் பார்த்தார். “அது பூஜையில் இருக்கிறது அம்மா. மாலை வரை எடுக்க இயலாது.”

“விஜயதசமி ஆச்சே.”

“அதைத்தான் நானும் சொன்னேன்” என்றான் கோபால்.

“அதைவிட வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு” என்று ஹெட்மாஸ்டர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். “வானசாஸ்திரம் களவு போய்விட்டது. குற்றவாளி இதோ நிற்கிறாள்.”

இந்திராணி உட்காரப்போன நாற்காலியில் உட்காரவில்லை. பாஞ்சாலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நான் இல்லீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சாமுவேல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். எழுதவேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வேதகிரி கூடத்துக்குப் போய், ஏழாவது சட்டத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

“சார், உங்கள் வீட்டில் சந்தனம் எந்தப் பக்கம் வழியும்?” என்று சாமுவேலைக் கேட்டான்.

“எங்க வீட்டுல சந்தனம் இல்ல. ஆனா எது வழிஞ்சாலும் கீழதான் வழியும்.”

“இதைப் பாருங்கள்.”

சாமுவேல் குனிந்தார். அடி மூலையில் இருந்த பொட்டிலிருந்து மெல்லிய சந்தனக் கோடு ஒன்று புறப்பட்டு மேலே போயிருந்தது.

“ஈரமாக இருந்தபோது வழிந்தது. வழிந்து காய்ந்துவிட்டது. ஆனால் மேல்நோக்கி.” வேதகிரி சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். பொட்டு வலது பக்கம், மேலே வந்தது. கோடு ஒழுங்காகக் கீழே இறங்கியது. “பாஞ்சாலி பொட்டு வைத்தபோது சட்டம் இப்படித்தான் நின்றது. கோபால், அந்த அம்மாவின் நெற்றி எங்கே இருக்கும்?”

“அதே எடம். அண்ணாந்து பாக்கும், மொகம் வலது பக்கம் மேல. நெத்தியையும் பாத்திருக்கேன் மாமா, பொய் சொல்லல.”

“ஆக, பொட்டு வைத்தபோது படம் உள்ளே இருந்தது. இல்லாத நெற்றிக்கு எப்படிச் சரியாக வைக்க முடியும்? சந்தனம் காய்ந்த பிறகு யாரோ சட்டத்தை இறக்கிப் படத்தை உருவியிருக்கிறார்கள். காலிச் சட்டத்துக்குத் தலை எது, கால் எது? தலைகீழாக வைத்துவிட்டார்கள். சந்தனம் காயும் நேரத்தில் பாஞ்சாலி பெருநகர் பஸ்ஸில் இருந்தாள்.”

“கண்டக்டருக்குப் பொரி குடுத்தேன். கேட்டுப் பாருங்க” என்றாள் பாஞ்சாலி.

“பங்களாவில் மிச்சம் இருந்தது ஒருவர்தான். சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. இப்போதுதான் சொன்னார்.”

எல்லோரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்கள்.

“நான் பாதுகாக்கும் படத்தை நானே திருடுவேனா?”

“திருடவில்லை அய்யா. படம் பங்களாவை விட்டு வெளியே போகவே இல்லை.”

“ஒரு இடம் விடாம தேடிட்டேனே” என்றார் சாமுவேல்.

“ஒரு இடம் விடாமலா சார்?”

சாமுவேலின் கண் மெல்லப் பூஜைக் குவியலுக்குப் போனது. “அதைத் தவிர. நேத்து ஷூவைக் கழட்டிட்டு அதைச் சுத்திச் சுத்தி வந்தேன். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். பூஜையில கை வெச்சேன்னா நாளைக்கு ஸ்டேஷன் வாசல்ல ஊரே நிக்கும்.”

“எங்களில் யாரும் கூடக் கை வைக்கமாட்டோம். இன்று காலை பிரிக்கிற வரைக்கும் அதைவிடப் பாதுகாப்பான பெட்டி இந்த ஜில்லாவில் கிடையாது. அதனால்தான் இன்று காலையும் பிரிக்கவில்லை. வேன் கிளம்புகிற வரை நல்ல நேரம் வராது.”

“வந்தாச்சு மாமா” என்றான் கோபால். அவன் எப்போது குனிந்தான், தட்டில் மிச்சமிருந்த கற்பூரத்தை எப்போது கொளுத்தினான் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கையால் கற்பூரத்தைச் சுற்றினான், மறு கையால் மணியை அடித்தான், வாயால் ஏதோ முணுமுணுத்தான். அதில் பாதி சினிமாப் பாட்டு. “ஆச்சு. எல்லாரும் கண்ணுல ஒத்திக்கோங்க. சார், நீங்களும்.”

ஹெட்மாஸ்டர் கண்ணில் ஒத்திக்கொண்டார். பழக்கம் அப்படி.

இந்திராணிதான் துண்டை விலக்கினார். டைப்ரைட்டரை இறக்கினார். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசிப் புத்தகத்தின் அடியில், வெள்ளைத் துணியில் பொதிந்து, வானசாஸ்திரம் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

நட்சத்திரக் கிரீடம் இருந்தது, தொலைநோக்கி இருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை, இருநூறு வருஷத்துக் கறுப்புக் கோடுகளின் மேல், அரக்குச் சிவப்பில் ஒரு ரவிக்கை. கை நுனியில் ருத்ராட்சப் பார்டர். உடலெங்கும் மாங்காய்ப் புட்டா. தங்க வண்ணத்தில் ஜரிகை.

“ஹெட்மாஸ்டர் சார்” என்றார் இந்திராணி. “யார் இவங்களுக்குத் தையல்காரர்?”

ஜானகிராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய எழுத்துத் தமிழ் எங்கோ போய்விட்டது. “பொண்ணுங்க ஸ்கூல்லேருந்து பாக்க வரோம்னாங்க. எப்படிம்மா இதைக் காட்டறது? காஞ்சிபுரத்துல சேலைக்கு டிசைன் போடற ஆள் ஒருத்தர்கிட்ட குடுத்தேன். தோளை மட்டும் மறைச்சா போதும்னேன். வந்து பாத்தா இது. ஏன்யான்னு கேட்டா, பார்டர் இல்லாம துணி எப்படி சார் முடியும்னு என்னையே திருப்பிக் கேக்கறான்.”

“அதுலருந்து திரை போட்டு மூடிட்டீங்க” என்றார் சாமுவேல். “இவங்க வர்றாங்கன்னதும் படத்தையே மூடிட்டீங்க.”

“பட்டா சார், ஆர்ட் சில்க்கா?” என்றான் கோபால்.

இந்திராணி குவியலிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். நகத்தின் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். “தண்ணி வண்ணம்தான். எடுத்துடலாம்.” நிமிர்ந்தார். அவர் உதட்டை அவரால் கட்டுப்படுத்த முடியவில்லை. “எடுக்கணுமான்னுதான் யோசிக்கறேன். இந்த ஏழு பேரும் வேற சில மியூசியங்கள்லயும் இருக்காங்க. அங்க எங்கயும் இவங்களுக்கு மாங்காய்ப் புட்டா கிடையாது. கண்காட்சிக்கு இப்படியே வரட்டும்.”

“கை அளவு சரியில்லீங்க” என்றாள் பாஞ்சாலி. பயம் போனதும் அவளுக்குப் பார்வை வந்துவிட்டது. “ஒண்ணு நீட்டம், ஒண்ணு குட்டை. நானும் பொட்டு வெக்கும்போதே பாத்தேன்.”

ஹெட்மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. “என் பேரை ரிப்போர்ட்டில் எழுதுவீங்களா அம்மா?”

“அது நீங்க இப்ப என்ன செய்யறீங்கன்னு பார்த்துட்டுத்தான்” என்ற இந்திராணி, டைப்ரைட்டரை அவர் முன்னால் நகர்த்தினார். “விஜயதசமிக்கு முதல் எழுத்து எழுதணும் இல்லையா. பாஞ்சாலியோட பர்மனென்ட் ஆர்டரை அடிங்க. புகாரை வாபஸ் வாங்கற லெட்டரை அப்புறம் அடிக்கலாம்.”

டைப்ரைட்டரின் மேல் இன்னும் சந்தனம் இருந்தது. ஹெட்மாஸ்டர் ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். பாஞ்சாலி அவர் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுவதைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். கடைசி வரியில் தன் ஊர்ப் பெயர் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டிப் போடவைத்தாள்.

திரும்பி வரும் வழியில் கோபால் இரண்டு பொட்டலம் பொரியோடு நடந்தான். ஒன்று அவனுடையது. மற்றொன்றும் அவனுடையதுதான்.

“மாமா, நானும் அந்தப் பொட்ட பாத்தேன். சாமுவேல் சாரும் நேத்து பாத்திருப்பாரு. கோடு மேல போவுதுன்னு உனக்கு மட்டும் எப்படிக் கண்ணுல பட்டுச்சு?”

வேதகிரி நடந்துகொண்டே இருந்தான். சைக்கிள் கடை வந்தது. மாடிப்படியின் கீழே நின்றான்.

“உன் அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று உங்கள் அம்மா சொல்கிறார்கள்?”

கோபால் பொரியை மெல்லுவதை நிறுத்தினான். ஒரு வருஷத்தில் மாமா அவளைப் பற்றிப் பேச்செடுத்தது இதுதான் முதல் தடவை. “பெருமாளேன்னு சொல்லிட்டு கண்ண மூடிச்சுன்னு. ஊரு பூரா சொல்லிகீறாங்க.”

“உங்கள் அம்மா அப்போது கீழே டாக்ஸிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். டாக்ஸியில் ஏறின பிறகு அவள் பேசவில்லை.”

“அப்ப?”

“அன்றைக்கு ஆயுத பூஜை. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதனால் நான் வைத்தேன். ஸ்டவ்வுக்கு, தையல் மிஷினுக்கு, கண்ணாடிக்கு. படுத்துக்கொண்டே பார்த்தாள்.”

கோபால் மாடியைப் பார்த்தான். மேலே, திறந்த கதவின் வழியாக, சுவர்க் கண்ணாடி தெரிந்தது.

“என்ன மாமா சொல்லிச்சு?”

வேதகிரி படியில் ஒரு காலை வைத்தான்.

“‘தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க, வழியுது பாருங்க’ன்னா.”